மரத்து மேலே கயிற்றுப் பாதை: குடும்பமாகப் போக எந்த இடம், எதைப் பார்த்துத் தேர்வது?

ஹரோ அப்பா | மே 4, இரவு 9.40

மே கடைசி பாங்க் ஹொலிடே திங்கள், லண்டனில இருந்து ஒரு நாள் பயணம். ஆள் கணக்கு: நானும் மனுசியும், மூத்தவள் 12 வயது 1.46 மீட்டர், நடுவிலான் 9 வயது 1.31, கடைக்குட்டி 6 வயது 1.12. அம்மம்மாவுக்கு 68. என்ர எடை 104 கிலோ. கோ ஏப் மாதிரி மரத்துக்கு மரம் கயிறு பிடிச்சுப் போற இடம்தான் வேணும். எது உயரம் கூட, எதில ஜிப் வயர் (கப்பியில தொங்கி வழுக்கிப் போற கேபிள்) நீளம் கூட, அங்க போறதுதான் காசுக்குப் பெறுமதி எண்டது என்ர எண்ணம். இன்னொண்டு: பாதுகாப்புக் கேபிளில கொக்கியை நாங்களே கழட்டி மாட்டுற இடமெல்லாம் பழசு, ஆபத்து, கழட்டவே ஏலாதபடி பூட்டி அனுப்புற இடத்துக்கு மட்டும்தான் போகலாம் எண்டு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். சரியோ?

கயிற்றடி | மே 4, இரவு 11.05

முதல் எண்ணம் தப்பு. இரண்டாவதில் பாதி தப்பு.

உயரத்தையும் ஜிப் நீளத்தையும் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டிய எண் 1.12. உங்கள் வீட்டில் குட்டையான ஆள் எந்தப் பாதையில் ஏறலாம் என்பதுதான் இடத்தைத் தீர்மானிக்கும். கோ ஏப்பின் பெரிய பாதை (ட்ரீடாப் சேலஞ்ச் என்று போட்டிருப்பார்கள்) 10 வயது, 1.4 மீட்டர், அதிகபட்ச எடை 130 கிலோ. மூத்தவள் உள்ளே, நீங்களும் உள்ளே, மற்ற இருவரும் வெளியே. சிறியவர்களின் பாதை 1 மீட்டரில் இருந்து தொடங்கும். எல்லாத் தளங்களிலும் இரண்டும் இருக்காது. இரண்டும் ஒரே காட்டில் இருக்கும் தளமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் கார் நிறுத்துமிடத்திலேயே அழுகை.

பெரிய பாதை இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். சின்னப் பாதை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். அம்மம்மாவிடம் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அம்மம்மாவைக் கேட்டீர்களா?

கயிற்றடி | மே 5, காலை 7.20

1.4 எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டேன். அளப்பது தலை உச்சியை, ஆனால் உண்மையில் தேவைப்படுவது கை எட்டு. தலைக்கு மேலே ஓடும் பாதுகாப்புக் கேபிளைப் பிள்ளை தன் கையால் தொட்டு, கொக்கியைத் திறந்து, அதில் போட்டு மூட வேண்டும். 1.4 மீட்டர் பிள்ளை கையை முழுக்கத் தூக்கினால் சுமார் 1.75, 1.8 வரை எட்டும். குதிகாலைத் தூக்கி எட்டுவது மேடையில் சரிவரும், ஆடும் கட்டையில் நின்றுகொண்டு சரிவராது. 1.39 என்றால் கெஞ்சாதீர்கள். வாசலில் அளவுகோல் வைத்திருப்பார்கள். உள்ளே விட்டாலும் முதல் மரத்திலேயே எட்டாமல் தவிப்பது அந்தப் பிள்ளைதான்.

உங்கள் மகளுக்கு 1.46. எட்டும், ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. ஒரு பெரியவர் அவளுக்கு முன்னால் போய் அடுத்த மேடையில் நிற்பது நல்லது.

மரமேறி | மே 5, மதியம் 12.15

கொக்கி விஷயத்துக்கு வருகிறேன், கயிற்றடி தூங்கி எழுந்து எழுதுவதற்குள்.

மூன்று வகை இருக்கிறது. ஒன்று, இரண்டு வாருக்கு இரண்டு சாதாரண கரபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி). தானாக மூடும், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்ற எந்தத் தடையும் இல்லை. ஒழுங்கு முழுக்க உங்கள் தலையில். இரண்டாவது, ஒன்றோடொன்று பேசும் கொக்கிகள். ஒன்று கேபிளில் மூடிப் பூட்டினால்தான் மற்றது திறக்கும். மூன்றாவது, தொடர் இணைப்பு. தொடக்கத்தில் ஊழியர் மாட்டிவிடுவார், கடைசியில் அவரே கழற்றுவார், நடுவில் உருளை மட்டும் கேபிள் தாங்கிகளைத் தாண்டி ஓடும்.

முதல் வகையில் ஒரு மரத்தில் நடப்பது இது. கட்டைப் பாலம் முடிந்து மேடையில் கால் வைக்கிறீர்கள். பாலத்துக் கேபிளில் இரண்டு கொக்கியும் தொங்குகிறது. மரத்தைச் சுற்றி இன்னொரு கேபிள் வளையம் இருக்கும். முதல் கொக்கியைக் கழற்றி வளையத்தில் போடுகிறீர்கள். வாய் மூடிய சத்தம் கேட்க வேண்டும், பிறகு ஒரு இழுப்பு. அதன் பின்தான் இரண்டாவது. அடுத்த பாலத்துக்குப் போகும்போது மறுபடி இரண்டு. ஆக மரத்துக்கு நான்கு மாற்றம். 25 மரம் என்று வைத்துக்கொண்டால் 100 தடவை. முதல் இருபதில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தப்பு வருவது எண்பதுக்கு மேல், கை சோர்ந்து, பின்னால் வரிசை நின்று, பிள்ளை “வாங்கோ அப்பா” என்று கத்தும்போது.

அதனால் உங்களுக்குச் சொன்னவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குத் தொடர் இணைப்புதான். அதில் எனக்குப் பேச்சில்லை.

கயிற்றடி | மே 5, மாலை 6.50

தூங்கவில்லை, வேலை. மரமேறி சொன்னது சரி, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தொடர் இணைப்பு என்றால் பிள்ளை கழற்ற முடியாது, ஆகவே பெற்றோர் கவலைப்பட வேண்டாம்.

கயிற்றடி | மே 5, இரவு 8.30

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். “கவலைப்பட வேண்டாம்” என்பது விளம்பரக்காரன் வாய்.

தொடர் இணைப்பு ஒரு தப்பை அடைக்கிறது, எல்லாத் தப்பையும் அல்ல. ஹார்னஸ் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டி) தளர்ந்திருந்தால் கேபிளில் எவ்வளவு கெட்டியாக மாட்டியிருந்தும் பயனில்லை. நீளமான வாரில் குட்டிப் பிள்ளை வழுக்கினால் மரத்தில் முட்டிக்கொள்ளும், அல்லது வார் கழுத்துப் பக்கம் வந்துவிடும். வார் நீளம் பிள்ளைக்கு ஏற்றதா என்று ஏறும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு தொல்லை: முந்திப் போக முடியாது. நடுவில் ஒரு பிள்ளை உறைந்து நின்றால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான், ஊழியர் ஏறி இறக்கும் வரை. இடையிடையே இறங்கும் வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

பேசும் கொக்கியிலும் ஒரு தொந்தரவு உண்டு. பிள்ளையின் பெருவிரலுக்கு விசை கடினமாக இருக்கும். தரையில் பயிற்சிக் கேபிள் கட்டியிருப்பார்கள், அங்கே தானாகவே பத்துத் தடவை செய்து காட்டட்டும். நீங்கள் கை கொடுத்துச் செய்தால் கணக்கில் சேராது.

லா சப்பல் தம்பி | மே 6, இரவு 1.10

அண்ணை, பிரான்ஸ் பக்கம் இத அக்ரோபிராஞ்ச் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். பாதைக்கு நிறம் இருக்கும்: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு, பனிச்சறுக்குச் சரிவில போடுற மாதிரியே. ஒரு டிக்கெட்டில பச்சையில தொடங்கி ஏறிக்கொண்டு போகலாம். லண்டனில ஏன் அப்படி இல்ல?

கயிற்றடி | மே 6, காலை 7.45

வழக்கம் வேறு, தம்பி. அந்தப் பெயரே அங்கே பதிவு செய்த வணிகப் பெயர், ஆனால் ஊர் முழுக்கப் பொதுப் பெயராக்கிவிட்டார்கள். கோ ஏப்பைத் தொடங்கியவர்கள் பிரான்ஸில் பார்த்துவிட்டு வந்துதான் 2002இல் தெட்ஃபோர்ட் காட்டில் முதல் தளத்தைத் திறந்தார்கள். இங்கே ஒரே நீளப் பாதை, நேரம் குறித்த டிக்கெட், தொடக்கத்தில் அறிவுறுத்தல், பிறகு நீங்களே போங்கள் என்ற முறை. நிறம் போட்டுப் பிரித்த இடங்கள் இங்கேயும் உண்டு. உயர வித்தியாசம் அதிகமுள்ள குடும்பத்துக்கு உங்கள் ஊர் முறைதான் வசதி, ஒத்துக்கொள்கிறேன். பச்சையில் எல்லோரும் சேர்ந்து போய்விட்டு, பிறகு பிரியலாம்.

ஹரோ அப்பா | மே 6, மாலை 5.30

சரி, விளங்குது. லைசென்ஸ் இருக்கிற இடமா எண்டு பார்த்தா போதும்தானே? பிள்ளையளுக்கான சாகச விளையாட்டுக்கு அரசாங்க லைசென்ஸ் வேணும் எண்டு கேள்விப்பட்டன்.

மரமேறி | மே 6, இரவு 9.00

இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த உரிமம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வருகிறது. 1993இல் லைம் பே கடலில் கயாக்கில் போன நான்கு மாணவர்கள் இறந்தார்கள், அதன் பிறகு கொண்டுவந்த சட்டம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அழைத்துச் செல்லும் குகை, பாறையேற்றம், மலைநடை, நீர் விளையாட்டு இவற்றுக்குத்தான் பொருந்தும். மனிதர் கட்டிய கயிற்றுப் பாதை அதற்குள் வராது. ஆகவே “உரிமம் இருக்கிறதா” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். அது குற்றமல்ல.

கேட்க வேண்டியது இஎன் 15567. ஐரோப்பியத் தரநிலை, முதலில் 2007இல் வந்தது. முதல் பகுதி கட்டுமானம், இரண்டாம் பகுதி நடத்தும் முறை. “கடைசியாக வெளி ஆய்வாளர் எப்போது பார்த்தார்?” என்று ஒரே கேள்வி. வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். மரத்தை மர வல்லுநர் தனியாகப் பார்க்க வேண்டும், கட்டுமான ஆய்வாளர் பார்த்தால் போதாது. ஒழுங்காக நடத்துபவர்கள் மாதம் வருடம் சொல்வார்கள். “எல்லாம் சேஃப்தான் சார்” என்றால் அடுத்த இடம்.

கயிற்றடி | மே 6, இரவு 10.20

இரண்டாம் பகுதியில்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது: மேற்பார்வை மூன்று மட்டம். ஒன்று, ஊழியர் கையால் தடுக்கும் தூரத்தில் நிற்பது. இரண்டு, ஊழியர் கண்ணால் பார்த்து வாயால் சொல்வது. மூன்று, ஊழியர் கண்ணில் இல்லை, கூப்பிட்டால் வருவார். ஆறு வயதுப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே மட்டம் பொருந்தாது. கூட்டமான நாளில் எந்தப் பாதைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் பெரிய பாதையில் ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கு வைத்திருப்பார்கள். அதன் பொருள், மேற்பார்வையின் பாதி உங்கள் தலையில் என்பது. காசு கொடுத்து வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறியவர்களின் பாதையில் பெரியவர் கூட ஏற வேண்டுமா, கீழே நடந்தால் போதுமா என்பது இடத்துக்கு இடம், வயதுக்கு வயது மாறும். பதிவு செய்யும் முன் அதைப் படியுங்கள், கீழே நடந்தால் போதும் என்றால் ஒரு டிக்கெட் மிச்சம்.

மரமேறி | மே 7, மதியம் 1.00

எடை பற்றி. 130 கிலோவுக்கு மேல் போனால் கேபிள் அறுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 12 மில்லி எஃகுக் கேபிள் அறுவதற்குப் பல டன் வேண்டும். எல்லை வருவது வேறு இடங்களில்: ஹார்னஸும் கப்பியும் எந்த எடைக்குச் சோதித்தவை, நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு ஊழியர் உங்களை இறக்க முடியுமா, ஜிப் முடிவில் எவ்வளவு வேகத்தில் வந்து சேர்வீர்கள். 104 கிலோவுக்கு எண்ணில் பிரச்சினை இல்லை. இடுப்புச் சுற்றளவுக்கும் தொடைச் சுற்றளவுக்கும் ஹார்னஸ் பொருந்துமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். எடை சரி, பட்டி மூடவில்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

கயிற்றடி | மே 7, மாலை 7.15

ஹார்னஸ் போடுவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஊழியர் அவசரத்தில் இருப்பார், பார்க்க வேண்டியது நீங்கள்.

இடுப்புப் பட்டி இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். ஜீன்ஸ் பெல்ட் இருக்கும் இடத்தில் அல்ல, அதற்கும் மேலே. இறுக்கிய பிறகு உள்ளங்கை தட்டையாக நுழையலாம், உள்ளே போன கை முஷ்டியாக மடங்கித் திரும்பக் கூடாது. வாரில் முறுக்கு இல்லை. பக்கிளைத் தாண்டி வார் நுனி ஒரு கையகலமாவது வெளியே தெரிய வேண்டும். பிறகு, முன் வளையத்தைப் பிடித்துப் பிள்ளையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பட்டி விலா நோக்கி ஏறினால் அது தளர்வு.

ஆறு வயதில் இடுப்பே இருக்காது, மேலும் கீழும் ஒரே உருளை. உட்காரும் ஹார்னஸ் மட்டும் போட்டால் தலைகீழாகத் திரும்பினால் வழுக்கி வெளியே வர இடமுண்டு. அதனால் தோள்பட்டை வாரோடு கூடிய முழு உடல் ஹார்னஸ். இஎன் 12277 தரநிலையில் 40 கிலோ வரையான சிறியவர்களுக்கென்றே தனி வகை இருக்கிறது. கடைக்குட்டிக்கு அதைத்தான் கேளுங்கள். நடுவிலானுக்கும் கேளுங்கள், ஒல்லி என்றால்.

ஹார்னஸ் போடும் முன் எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்புங்கள். போட்ட பின் போனால் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி ஊழியர் சரிபார்த்து… இல்லை, சரிபார்க்காமல் விட்டுவிடுவார்கள், அதுதான் பிரச்சினை. நீங்களே கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ராசாத்தி | மே 8, காலை 9.30

உடுப்பு பற்றி ஆண்கள் யாரும் எழுத மாட்டீர்கள் போல. துப்பட்டா, தொங்கட்டான், வளையல் எல்லாம் வீட்டில். மோதிரம் கட்டாயம் கழற்ற வேண்டும், கேபிள் நுனியிலோ ஆணியிலோ மாட்டிக்கொண்டு உடல் தொங்கினால் விரல் தோலோடு உரிந்து வரும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளே போட்டு, மேலே கழுத்து மூடிய பனியன், அதற்கு மேல் ஹார்னஸ். வெளியே தொங்க விடாதீர்கள். பின்னல் நீளமென்றால் கொண்டை போட்டுத் தலைக்கவசத்துக்குள்ளோ சட்டைக்குள்ளோ. ஜிப் கப்பிக்குள் முடி போனால் பாதி வழியில் நின்றுவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். மெட்டி சப்பாத்துக்குள் அழுத்தும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். செருப்பு, க்ராக்ஸ் வேண்டாம். முழங்காலை மூடும் கால்சட்டை, இல்லாவிட்டால் தொடை வார் தோலைத் தின்னும்.

கயிற்றடி | மே 8, இரவு 9.10

ராசாத்தி அக்கா சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

ஜிப் பற்றிக் கேட்டீர்களே. நீளம் பெரிய விஷயமில்லை, முடிவுதான் விஷயம். கேபிள் நடுவில் தொய்ந்து கடைசியில் கொஞ்சம் ஏறும், அந்த ஏற்றத்தில்தான் வேகம் குறைகிறது. 104 கிலோக்காரர் வேகமாக வந்து, முடிவில் கொட்டியிருக்கும் மரத்தூளில் புட்டம் பதிப்பார். 30 கிலோப் பிள்ளை எதிர்காற்றில் பத்து மீட்டர் முன்னாலேயே நின்று, பின்னோக்கி வழுக்கும். நின்றவுடன் கேபிளைப் பிடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் கப்பிக்கு முன்னால் கை வைக்கக் கூடாது, விரல் உருளைக்குள் போய்விடும். பிறகு கேபிளைக் கை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு வர வேண்டும். இதைத் தரையிலேயே சொல்லிக் கொடுங்கள். உள்ளங்கையில் பிடிப்புள்ள கையுறை வேண்டும். மழை பெய்தால் கேபிள் நனைந்து வேகம் கூடும்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மீட்டரும் பன்னிரண்டு மீட்டரும் மேலே நிற்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பயம் வருவது உயரத்தால் அல்ல, காலடிக் கட்டை பக்கவாட்டில் ஆடுவதால். படத்தில் உயரத்தைக் காட்டுவார்கள். நீங்கள் காலடியைப் பாருங்கள், தனித்தனியாகத் தொங்கும் கட்டையா, இரு பக்கமும் பிடிகயிறு உள்ள பாலமா என்று.

மரமேறி | மே 9, காலை 8.00

மழை, காற்று. மழைக்குப் பெரும்பாலும் மூட மாட்டார்கள், காசும் திரும்பாது. பலத்த காற்றுக்கும் இடிக்கும் மூடுவார்கள், அப்போது வேறு தேதியோ பணமோ கிடைக்கும். இந்த வித்தியாசம் நிபந்தனைப் பக்கத்தில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். பாங்க் ஹொலிடே திங்கள் என்றால் முதல் நேரத்தை எடுங்கள். ஒரு மேடையில் மூன்று பேர், ஒரு பாலத்தில் ஒருவர் என்பதுதான் பொதுவான விதி, அதனால் பதினொரு மணிக்குப் பின் முன்னால் போனவர்களின் பிந்தல் எல்லாம் உங்கள் மேல் சேரும். நீங்கள் மேடையில் நின்று மரத்தைக் கட்டிப்பிடித்தபடி காத்திருப்பீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் மேடை மரத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நல்ல இடங்களில் ஆணி அடித்திருக்காது. மரத்தைச் சுற்றி மரக்கட்டைகளை வைத்து, நீள போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். கேபிளும் நேராகப் பட்டையில் படாது, நடுவில் கட்டைத் துண்டுகள். மரம் வருடா வருடம் பருக்கிறது, கேபிள் பட்டையை இறுக்கினால் இலையில் உண்டாகும் உணவு கீழே வேருக்கு இறங்காது, மரம் சாகும். அதனால் தளர்த்தி வைப்பார்கள். கேபிள் பட்டைக்குள் புதைந்திருந்தால், பராமரிப்பு எப்படி என்று அதிலேயே தெரியும்.

ஹரோ அப்பா | மே 9, இரவு 10.45

காருக்கு ஒருநாள் ஓய்வு குடுப்பம் எண்டு நினைக்கிறன். பிக்கடில்லி ட்யூப் லைனில போனா காக்ஃபோஸ்டர்ஸ் இருக்குத்தானே?

கயிற்றடி | மே 9, இரவு 11.20

ஆமாம், அங்கே ட்ரெண்ட் பார்க்கில் கோ ஏப் தளம் உண்டு. ஸ்டேஷனிலிருந்து நடக்கலாம், ஹரோவிலிருந்து பிக்கடில்லிக்கு மாறிக் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும், அதற்கான நேரத்தைக் கணக்கில் சேருங்கள். லண்டனுக்குள் பாட்டர்சீ பார்க்கும் அலெக்ஸாண்ட்ரா பேலஸும் உண்டு. காரில் என்றால் ஸ்லவ் பக்கம் பிளாக் பார்க், சில்டர்ன்ஸில் வெண்டோவர். வெண்டோவர் போன்ற ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து (அரசு வன அமைப்பு) காடுகளில் கார் நிறுத்தக் கட்டணம் தனி, டிக்கெட்டில் சேராது.

எது என்று நான் சொல்லப் போவதில்லை. 1.12க்கும் 1.31க்கும் ஒரு பாதை, 1.46க்கு ஒரு பாதை, இரண்டுக்கும் அடுத்தடுத்த நேரம் அந்தத் திங்களில் எங்கே கிடைக்கிறதோ அதுதான் உங்கள் இடம். மேலே நாங்கள் எழுதியதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒன்று விட்டுப்போனது. நீங்களும் மகளும் மேலே போகும்போது மனுசி சின்னவர்களோடு. அம்மம்மா கீழே நடந்தபடி பார்க்கலாம், பார்வையாளருக்குக் காட்டுப் பாதை இருக்கும், புளிச்சோற்றுப் பையும் அவவிடமே இருக்கட்டும். கீழே நிற்பவர்கள் பாலத்துக்கு நேர் அடியில் நிற்கக் கூடாது.

கயிற்றடி | மே 10, காலை 6.40

மேலே இருப்பவர்கள் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது என்பதற்கும் காரணம் அதுவேதான். பத்து மீட்டரிலிருந்து விழும் போன், கீழே அம்மம்மா.